கணினி எண்முறைக் கட்டுப்பாட்டு எந்திரங்களில் பேரளவு உற்பத்தி

கணினி எண்முறைக் கட்டுப்பாட்டு எந்திரங்களில் பேரளவு உற்பத்தி என்பது, ஒரே வடிவமும் ஒரே அளவும் கொண்ட எந்திர உறுப்புகளை, கணினி நிரலால் இயங்கும் கடைசல், துருவல், துளையிடல் எந்திரங்களைக் கொண்டு ஆயிரக்கணக்கிலும் இலட்சக்கணக்கிலும் வெட்டி உருவாக்கும் உற்பத்தி முறை ஆகும். இவ்வகை எந்திரங்கள் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் சி.என்.சி. எந்திரங்கள் என்றே வழங்கப்படுகின்றன. வாகனங்களின் தண்டுகள், பற்சக்கரங்கள், எக்கிகளின் உறைகள், குழாய் இணைப்புகள், தாங்கி வளையங்கள், கொணரிப் பட்டை உருளைகளின் பாகங்கள் முதலியன இம்முறையில் உருவாக்கப்படுகின்றன.

ஓர் உறுப்பை எந்த எந்திரத்தில், எந்த முறையில் உருவாக்குவது என்பதை முதன்மையாகத் தீர்மானிப்பது அதன் வடிவம் அன்று. தேவைப்படும் எண்ணிக்கையே ஆகும். எண்ணிக்கை பெருகும்போது ஒரு நொடிச் சேமிப்பும் பெருகும். ஒரு சிறு பிழையும் அதே அளவில் பெருகும். எனவே தொழிலாளியின் கைத்திறனைச் சார்ந்திருந்த வேலை, இம்முறையில் முன்திட்டமிடல், அளவெடுத்தல், புள்ளியியல் ஆகியவற்றைச் சார்ந்த வேலையாக மாறுகிறது.

எண்ணிக்கையும் முறையும்

பழைய வகைக் கடைசல் எந்திரம், பட்டறை வழக்கில் லேத், கையால் சக்கரங்களைத் திருப்பி இயக்கப்படுவது. அதில் வேலையைத் தொடங்க அதிக ஆயத்தம் தேவையில்லை; ஆனால் ஒவ்வோர் உறுப்பும் ஏறத்தாழ ஒரே அளவு நேரத்தையும் கவனத்தையும் கேட்கும். சி.என்.சி. எந்திரத்தில் நிரல் எழுதுதல், வெட்டுக்கருவிகளைப் பொருத்துதல், முதல் உறுப்பைச் சரிபார்த்தல் ஆகியவற்றுக்கு நீண்ட ஆயத்த நேரம் தேவைப்படும். அதன் பின்னர் ஒவ்வோர் உறுப்பும் விரைவில் வெளிவரும்.

இதனை ஒரு கற்பனைக் கணக்கால் விளக்கலாம். ஓர் உறுப்பை லேத்தில் செய்ய ஆயத்தத்துக்கு 20 நிமிடமும், ஒவ்வொன்றுக்கும் 12 நிமிடமும் ஆகிறது எனக் கொள்வோம். அதையே சி.என்.சி. எந்திரத்தில் செய்ய ஆயத்தத்துக்கு 240 நிமிடமும், ஒவ்வொன்றுக்கும் 1.5 நிமிடமும் ஆகிறது. சி.என்.சி. எந்திரத்தின் ஒரு மணி நேரச் செலவு லேத்தைப் போல மூன்று மடங்கு எனவும் கொள்வோம். இக்கணக்கின்படி 93 உறுப்புகள் வரை லேத்தே மலிவானது. 94ஆவது உறுப்பு முதல் சி.என்.சி. மலிவாகிறது. 10,000 உறுப்புகள் செய்தால், நான்கு மணி நேர ஆயத்தத்தில் ஒவ்வோர் உறுப்பின் பங்கு ஒன்றரை நொடிக்கும் குறைவே.

எண்ணிக்கை மேலும் உயர்ந்து, வடிவமும் பல ஆண்டுகள் மாறாமல் இருக்குமாயின், ஒரே உறுப்புக்கென்றே வடிவமைக்கப்பட்ட தனிநோக்கு எந்திரங்களும் பல சுழல்தண்டு கொண்ட தானியங்கிகளும் சி.என்.சி. எந்திரத்தை விடச் சிக்கனமாகலாம். ஆகவே சி.என்.சி. பேரளவு உற்பத்தி என்பது, ஒற்றை வேலைக்கும் முற்றிலும் தனிநோக்கு எந்திரத்துக்கும் இடைப்பட்ட ஒரு பெரும் பரப்பில் அமைந்ததாகும்.

வரலாறு

ஒரே மாதிரியான உறுப்புகளைப் பல எந்திரங்களின் தொடர்ச்சியால் உருவாக்கும் முறைக்கு இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் கப்பல் தளம் முன்னோடிகளில் ஒன்று. மார்க் இசம்பார்டு புருனெல் வடிவமைத்து, என்றி மாட்சிலே கட்டிய எந்திரங்கள் அங்கே பாய்மரக் கப்பல்களுக்கான கப்பிக் கட்டைகளை உருவாக்கின. 1808இல் அவை ஆண்டுக்கு 1,30,000 கட்டைகளை அளித்தன. முன்னர் 110 தொழிலாளர் செய்த வேலையை 10 பேர் செய்ததாகக் கூறப்படுகிறது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானியங்கிக் கடைசல் எந்திரங்கள் தோன்றின. அமெரிக்கரான கிறித்தோபர் இசுபென்சர் 1873இல் இதற்குக் காப்புரிமம் பெற்றார். இவற்றில் வெட்டுக்கருவியின் நகர்வை நெம்புருள் எனப்படும் வடிவத் தகடுகள் தீர்மானித்தன. உறுப்பின் வடிவம் மாறினால் நெம்புருளையும் புதிதாகச் செய்ய வேண்டும். ஜெர்மனியின் டிராப் வகைத் தானியங்கிகள் இவ்வகையைச் சார்ந்தவை. தமிழ்நாட்டுச் சிறு பட்டறைகளில் திருகுகளும் புதையுருளைகளும் செய்ய அவை நெடுங்காலம் பயன்பட்டு வந்துள்ளன.

நெம்புருளின் இடத்தில் எண்களை வைக்கலாம் என்ற கருத்து, அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எலிகாப்டர் இறக்கைகளைச் செய்துவந்த ஜான் பார்சன்சு என்பவரிடம் உருவானது. 1949இல் அமெரிக்க வான்படையின் ஒப்பந்தம் கிடைத்தது. மாசாசூசெட்சு தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகம் இப்பணியில் இணைந்து, 1952இல் துளையிட்ட நாடாவைப் படித்து இயங்கும் முதல் எண்முறைத் துருவல் எந்திரத்தைக் காட்சிப்படுத்தியது. சப்பானில் புசித்சு நிறுவனத்தில் செய்யூமோன் இனாபா தலைமையிலான குழு 1956இல் இத்தொழில்நுட்பத்தை உருவாக்கியது. அப்பிரிவே 1972இல் பானுக் என்னும் தனி நிறுவனமானது. 1970களில் நுண்செயலிகள் வந்தபின் நாடாவின் இடத்தைக் கணினி நினைவகம் பிடித்தது. எண்முறைக் கட்டுப்பாடு, கணினி எண்முறைக் கட்டுப்பாடாக மாறியது.

இந்தியாவில் எந்துசுத்தான் மெசின் டூல்சு நிறுவனம் 1953இல் பெங்களூரில் தொடங்கப்பட்டது. எந்திரக்கருவி ஆய்வுக்கான நடுவண் நிறுவனம் அதே நகரில் 1962இல் அமைந்தது. கோயம்புத்தூரின் இலட்சுமி மெசின் ஒர்க்சு, நூற்பு எந்திரங்களைச் செய்வதற்காக 1962இல் நிறுவப்பட்டு, 1988இல் சி.என்.சி. எந்திரங்களுக்கான தனிப் பிரிவைத் தொடங்கியது.

எந்திரத்தின் அமைப்பு

சி.என்.சி. கடைசல் எந்திரத்தில் வேலைப்பொருள் சக் எனப்படும் கவ்வியில் பிடிக்கப்பட்டுச் சுழல்தண்டுடன் சுழலும். வெட்டுக்கருவிகள் டர்ரெட் எனப்படும் சுழலும் தட்டில் வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். துருவல் வகை எந்திரத்தில் வேலைப்பொருள் மேசையில் நிற்க, வெட்டுக்கருவி சுழலும்.

கருவியின் நகர்வைப் பின்வரும் பகுதிகள் தீர்மானிக்கின்றன:

- கட்டுப்பாட்டகம்: நிரலைப் படித்து, ஒவ்வோர் அச்சும் எந்த நேரத்தில் எங்கே இருக்கவேண்டும் எனக் கணக்கிடும் கணினி.
- சர்வோ மோட்டார்: கட்டளைக்கு ஏற்ப அச்சை நகர்த்தும் மின்னோடி.
- பந்துத் திருகு: மின்னோடியின் சுழற்சியை நேர்கோட்டு நகர்வாக மாற்றும் திருகு. இதன் புரிகளுக்கிடையே எஃகுப் பந்துகள் உருள்வதால் உராய்வும் தளர்வும் மிகக் குறைவு.
- குறியாக்கி: அச்சு உண்மையில் எங்கே உள்ளது என்பதை அளந்து கட்டுப்பாட்டகத்துக்குத் திருப்பி அறிவிக்கும் உணரி.

கட்டளைக்கும் உண்மை நிலைக்கும் இடையிலான வேறுபாட்டை இடைவிடாது திருத்திக்கொள்ளும் இவ்வமைப்பு மூடிய வளையக் கட்டுப்பாடு எனப்படும். எனினும் குறியாக்கி அறிவது அச்சின் நிலையை மட்டுமே. வெட்டுமுனை தேய்ந்ததையோ, வேலைப்பொருள் சூடேறி விரிந்ததையோ அது தானாக அறியாது. பேரளவு உற்பத்தியின் பெரும்பாலான சிக்கல்கள் இவ்விடைவெளியில் இருந்தே எழுகின்றன.

நிரல்

எந்திரத்துக்கான கட்டளைகள் எழுத்தும் எண்ணும் சேர்ந்த சிறு வரிகளாக எழுதப்படும். இக்குறிமுறை ஐ.எஸ்.ஓ. 6983 என்ற தரத்தில் வரையறுக்கப்பட்டுள்ளது. அடிக்கடி பயன்படும் சில கட்டளைகள்:

- ஜி00: வெட்டாமல் விரைந்து நகர்தல்
- ஜி01: நேர்கோட்டில் வெட்டிச் செல்லல்
- ஜி02, ஜி03: வலஞ்சுழி வில், இடஞ்சுழி வில்
- எம்03: சுழல்தண்டை வலஞ்சுழியாகச் சுழற்றல்
- எம்08: குளிர்மத்தைத் திறத்தல்
- எம்30: நிரலை முடித்து முதல் வரிக்குத் திரும்பல்

கடைசல் எந்திரத்தில் சுழல்தண்டுக்கு இணையான திசை இசட் அச்சு; அதற்குக் குறுக்கான திசை எக்ஸ் அச்சு. விரைநகர்வுக் கட்டளையில் ஒரு குறியோ ஒரு புள்ளியோ தவறினாலும் கருவி சக்கின் மீது மோதக்கூடும். ஆகவே புதிய நிரலை முதலில் கணினித் திரையிலும், பின்னர் வேலைப்பொருள் இன்றியும், அதன் பின்னர் ஒவ்வொரு வரியாகவும் ஓட்டிப் பார்ப்பது வழக்கம்.

எடுத்துக்காட்டு: கொணரி உருளையின் தண்டு

கடலூர் மாவட்டத்தின் நெய்வேலியில் திறந்தவெளிச் சுரங்கங்களில் இருந்து மண்ணும் பழுப்பு நிலக்கரியும் கொணரிப் பட்டைகளால் எடுத்துச் செல்லப்படுகின்றன. பட்டையைத் தாங்குவதற்கு வழி நெடுகிலும் உருளைகள் தேவை. ஒவ்வோர் உருளையினுள்ளும் அசையாத ஒரு தண்டும், அதன் இரு முனைகளில் இரு பந்துத் தாங்கிகளும் உள்ளன. எளிய வடிவம், பெரிய எண்ணிக்கை, குறுகிய அளவு வேறுபாடு ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்திருப்பதால், இத்தண்டு பேரளவு உற்பத்திக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டாகும்.

6205 என்ற குறியெண் கொண்ட தாங்கியின் உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52 மி.மீ., அகலம் 15 மி.மீ. ஆகும். தாங்கி அமரும் இருக்கையின் விட்டம் எச்6 என்ற பன்னாட்டு வகையில் குறிக்கப்பட்டால், அது 24.987 மி.மீ.க்கும் 25.000 மி.மீ.க்கும் இடையே இருக்கவேண்டும். அளவில் அனுமதிக்கப்படும் இவ்வேறுபாடு பொறுதி எனப்படும். இங்குப் பொறுதி 0.013 மி.மீ.; இது ஒரு மயிரிழையின் தடிப்பை விடப் பலமடங்கு சிறியது.

வேலையின் வரிசை பொதுவாகப் பின்வருமாறு அமையும்:

1. எஃகுக் கம்பியை நீளத்துக்கு அறுத்தல்
2. இரு முனைகளையும் சமன் செய்து மையத்துளை இடல்
3. தாங்கி இருக்கைகளையும் வளையப் பூட்டுக்கான காடிகளையும் கடைதல்
4. சட்டத்தில் பொருந்துவதற்கு இரு முனைகளிலும் தட்டைப் பக்கங்கள் துருவல்
5. அளவு சோதித்து, துருத்தடுப்பு எண்ணெய் பூசி அடுக்கல்

இருக்கை பெரிதானால் தாங்கியை அடித்து ஏற்ற நேரும். அதன் உள் இடைவெளி குறைந்து சூடேறும். இருக்கை சிறிதானால் தாங்கியின் உள்வளையம் தண்டின் மீது நழுவித் தேயும். இரண்டின் முடிவும் உருளை இறுகிப்போவதே. இறுகிய உருளையின் மீது பட்டை உரசிக்கொண்டே ஓடுவதால் பட்டை தேய்வதுடன், நிலக்கரித் தூள் உள்ள இடங்களில் தீப்பற்றும் இடரும் உண்டு. சில ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டருக்கு இவ்வளவு கவனம் செலுத்தப்படுவதன் காரணம் இதுவே.

நொடிக் கணக்கு

சுழல்தண்டின் வேகம் வெட்டு வேகத்தில் இருந்து கணக்கிடப்படும். வெட்டு வேகத்தை 1000ஆல் பெருக்கி, விட்டத்தையும் பையையும் பெருக்கி வந்த எண்ணால் வகுத்தால் நிமிடத்துக்கான சுற்றுகள் கிடைக்கும். 25 மி.மீ. விட்டமும் நிமிடத்துக்கு 180 மீட்டர் வெட்டு வேகமும் எனில், சுழல்தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,290 சுற்றுகள் சுழல வேண்டும். ஒரு சுற்றுக்குக் கருவி 0.2 மி.மீ. முன்னேறினால், 40 மி.மீ. நீளத்தைக் கடைய 5 நொடிக்குச் சற்று மிகுதியாக ஆகும்.

ஓர் உறுப்பு முடிந்து அடுத்த உறுப்பு முடியும் வரை ஆகும் மொத்த நேரம் சுழற்சி நேரம் எனப்படும். அது 60 நொடி எனக் கொண்டால், அதில் உலோகம் வெட்டப்படும் நேரம் 25 நொடியாகவும், கருவி மாற்றமும் வெறும் நகர்வும் 10 நொடியாகவும், உறுப்பை எடுத்து வைத்தலும் சீவல் துடைத்தலும் 25 நொடியாகவும் இருக்கலாம். வெட்டாத நேரமே பாதிக்கு மேல் என்பதை இக்கணக்கு காட்டுகிறது. எனவே ஆலைகள் முதலில் குறைக்க முயல்வது வெட்டு நேரத்தை அன்று. நீர்ம அழுத்தத்தால் இயங்கும் சக், கம்பி ஊட்டி, உறுப்பை எடுத்து வைக்கும் எந்திரக்கை, ஒரே பிடிப்பில் பல உறுப்புகளைப் பொருத்துதல் ஆகியன வெட்டாத நேரத்தைக் குறைப்பதற்கானவை.

நாளொன்றுக்கு 14 மணி நேரம் எந்திரம் உண்மையாக ஓடினால், 60 நொடிச் சுழற்சியில் 840 தண்டுகள் கிடைக்கும். சுழற்சி 54 நொடியானால் 933 கிடைக்கும். ஆண்டுக்கு 300 வேலை நாட்களில் இவ்வேறுபாடு 27,900 தண்டுகள் ஆகும். புதிய எந்திரமோ, புதிய கட்டடமோ இன்றிக் கிடைக்கும் கூடுதல் இது.

வெட்டுக்கருவி

இன்றைய வெட்டுமுனைகள் பெரும்பாலும் டங்சுடன் கார்பைடால் ஆனவை. பட்டறைகளில் இவை டிப் எனப்படும். ஒரு முனை தேய்ந்தால் திருப்பி அடுத்த முனையைப் பயன்படுத்தலாம். எல்லா முனைகளும் தேய்ந்தபின் மாற்றலாம். வெட்டப்படும் பொருளுக்கேற்ப இவை பன்னாட்டு முறையில் நிறத்தால் வகைப்படுத்தப்பட்டுள்ளன: எஃகுக்கு நீலம், துருவுறா எஃகுக்கு மஞ்சள், வார்ப்பிரும்புக்குச் சிவப்பு, அலுமினியம் போன்றவற்றுக்குப் பச்சை.

வெட்டு வேகத்துக்கும் முனையின் வாழ்நாளுக்கும் உள்ள உறவை அமெரிக்கப் பொறியாளர் பிரெடரிக் டெய்லர் 1900களின் முற்பகுதியில் நீண்ட சோதனைகளால் வகுத்தார். அவரது சமன்பாட்டில் கார்பைடு முனைகளுக்கு அடுக்கெண் ஏறத்தாழ 0.25 எனக் கொள்ளப்படுகிறது. இதன்படி வேகத்தை 20 விழுக்காடு கூட்டினால் முனையின் வாழ்நாள் ஏறத்தாழ பாதியாகும். வேகத்தை இரட்டித்தால் பதினாறில் ஒரு பங்காகும். முனையின் விலையும் முனை மாற்றும்போது எந்திரம் நிற்கும் நேரமும் சேர்ந்து, விரைவான வெட்டு எப்போதும் மலிவான வெட்டு ஆகாது என்பதை உறுதிப்படுத்துகின்றன.

அளவுக் கட்டுப்பாடு

ஆயிரக்கணக்கான உறுப்புகளில் ஒவ்வொன்றின் ஒவ்வோர் அளவையும் சோதிப்பது பெரும்பாலும் இயலாது. மேலும், முடிந்த உறுப்பைச் சோதித்து ஒதுக்குவது பிழையைக் கண்டுபிடிக்குமே அன்றித் தடுக்காது. 1924இல் அமெரிக்காவின் பெல் நிறுவனத்தில் வால்டர் சூகார்ட் உருவாக்கிய கட்டுப்பாட்டு விளக்கப்படம் இதற்குத் தீர்வாக அமைந்தது. குறித்த இடைவெளியில் சில உறுப்புகளை அளந்து படத்தில் புள்ளியிட்டு வந்தால், அளவு எல்லையைத் தாண்டுவதற்கு முன்பே அதன் போக்கு தெரிந்துவிடும்.

மேற்கூறிய தண்டில், இருக்கை விட்டத்தின் திட்டவிலக்கம் 0.0013 மி.மீ. எனவும், சராசரி பொறுதியின் நடுவே சரியாக அமைந்துள்ளது எனவும் கொள்வோம். பொறுதியைத் திட்டவிலக்கத்தின் ஆறு மடங்கால் வகுத்தால் 1.67 கிடைக்கும். இது செயல்திறன் எண் எனப்படும். வாகனத் தொழிலில் பொதுவாக 1.33 அல்லது 1.67 என்ற எண் கோரப்படுகிறது.

இப்போது வெட்டுமுனை 0.0013 மி.மீ. மட்டும் தேய்கிறது எனக் கொள்வோம். முனை பின்வாங்குவதால் தண்டின் விட்டம் அதன் இரு மடங்கு, அதாவது 0.0026 மி.மீ. கூடும். சராசரி மேல் எல்லையை நெருங்கிச் செயல்திறன் எண் 1.0 ஆகக் குறையும். இந்நிலையில் 1000 இருக்கைகளில் 1.35 இருக்கைகள் எல்லையைத் தாண்டும். ஒரு நாளின் 1,680 இருக்கைகளில் ஏறத்தாழ இரண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு தேய்வு, நாள்தோறும் இரண்டு பழுதுகளை அமைதியாக உண்டாக்கிவிடுகிறது. இதைத் தடுக்க, குறித்த எண்ணிக்கைக்குப் பின் ஈடுசெய் எண்ணைத் திருத்துவதும், முனை முற்றிலும் தேயும் முன்பே அதை மாற்றுவதும் வழக்கம். எந்திரத்தால் இவ்வளவு குறுகிய சிதறலைக் காக்க இயலாத இடங்களில், கடைசலுக்குப் பின் சாணை பிடித்து இறுதி அளவு பெறப்படுகிறது.

தரக் கட்டுப்பாட்டில் தமிழ்நாட்டு ஆலைகள் பன்னாட்டு ஏற்பு பெற்றுள்ளன. சென்னை பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் தடைக்கருவிப் பிரிவு 1998இல் சப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்திய நிறுவனங்களில் அப்பரிசைப் பெற்ற முதலாவது இதுவே. டி.வி.எசு. மோட்டார் நிறுவனம் 2002இல் அப்பரிசைப் பெற்றது.

வெப்பமும் கடற்காற்றும்

அளவுகள் அனைத்தும் 20 பாகை செல்சியசு வெப்பநிலையில் பொருந்துமாறு பன்னாட்டுத் தரத்தில் வரையறுக்கப்பட்டவை. தமிழ்நாட்டுப் பட்டறை ஒன்றில் கோடையில் 35 பாகை இயல்பானது. எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.0115 மி.மீ. விரியும். வெட்டி முடித்த தண்டு, அளவிடும் கருவியை விட 15 பாகை சூடாக இருந்தால், 25 மி.மீ. விட்டம் 0.0043 மி.மீ. பெரிதாகத் தோன்றும். இது பொறுதியில் மூன்றில் ஒரு பங்கு. சூட்டோடு அளந்து சரி எனப்பட்ட தண்டு, ஆறியபின் குறை அளவாகலாம். அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் அதில் இச்சிக்கல் மேலும் கூடும். ஆகவே உறுப்பும் கருவியும் ஒரே வெப்பநிலையை அடைந்த பின்னரே அளவெடுக்க வேண்டும்.

கடலூர் போன்ற கடற்கரை ஊர்களில் ஈரப்பதமும் உப்புக்காற்றும் கூடுதல் சிக்கல்கள். புதிதாக வெட்டப்பட்ட எஃகுப் பரப்பு விரைவில் துருப்பிடிக்கும். குளிர்மத்தில் எண்ணெயின் செறிவை நாள்தோறும் சோதித்தல், முடிந்த உறுப்புகளுக்கு உடனே துருத்தடுப்பு எண்ணெய் பூசுதல், மின்னணுப் பெட்டிகளை மூடிக் குளிர்வித்தல் ஆகியன இவ்விடங்களில் தவிர்க்க இயலாதவை.

தமிழ்நாட்டில் வளர்ச்சி

தமிழ்நாட்டில் இத்தொழில் மூன்று வட்டாரங்களில் செறிந்துள்ளது. சென்னையும் அதன் சுற்றுப்புறமும் முதலாவது. கிண்டித் தொழிற்பேட்டையும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் சிறு பட்டறைகளுக்கு இடமளித்தன. 1990களில் ஐயுண்டாய், போர்டு ஆகிய வாகன நிறுவனங்கள் வந்தபின் திருப்பெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் உறுப்பு ஆலைகள் பெருகின. போர்டு நிறுவனம் மறைமலைநகரில் வாகன உற்பத்தியை 2022இல் நிறுத்தியபோது, ஒரே வாடிக்கையாளரைச் சார்ந்திருக்கும் உறுப்பு ஆலைகளின் நிலை வெளிப்பட்டது.

இரண்டாவது வட்டாரம் ஓசூர். அசோக் லேலண்டு, டி.வி.எசு., டைட்டன் ஆகிய நிறுவனங்களின் ஆலைகளைச் சுற்றி அங்கே உறுப்புத் தொழில் வளர்ந்தது. மூன்றாவது கோயம்புத்தூர். எக்கிகள், மின்னோடிகள், நூற்பு எந்திரங்கள் ஆகியவற்றின் தேவையால் அங்கே வார்ப்பகங்களும் எந்திரப் பட்டறைகளும் அருகருகே அமைந்தன. பல சிறு பட்டறைகள் பெரிய ஆலைகளிடம் மூலப்பொருளைப் பெற்று, வெட்டிக் கொடுத்து, உறுப்புக்கு இவ்வளவு எனக் கூலி பெறுகின்றன. இது ஜாப் ஒர்க் எனப்படும். எந்திரத்துக்கு வங்கிக் கடன் பெற்ற பட்டறைக்கு, எந்திரம் நிற்கும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பாகும். 2008 முதல் சில ஆண்டுகள் நீடித்த மின்வெட்டு இப்பட்டறைகளைக் கடுமையாகப் பாதித்தது.

கடலூர், சிதம்பரம் பகுதியில்

கடலூர் மாவட்டம் 1993இல் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்து உருவானது. இதன் பெருந்தொழில்கள் வேறு வகையானவை. நெய்வேலியில் 1956இல் நிறுவப்பட்ட பழுப்பு நிலக்கரி நிறுவனமும் (2016 முதல் என்.எல்.சி. இந்தியா) அதன் மின்நிலையங்களும், கடலூர்-சிதம்பரம் சாலையை ஒட்டிய சிப்காட் வளாகத்தின் வேதித் தொழிற்சாலைகளும், நெல்லிக்குப்பத்தின் சர்க்கரை ஆலையும் அவற்றுள் முதன்மையானவை. கடலூர் துறைமுகத்தை ஒட்டி விசைப்படகு மீன்பிடித்தலும் நடைபெறுகிறது.

இத்தொழில்களுக்குத் தேவையான எந்திர உறுப்புகள் பெரும்பாலும் பழுதுநீக்கத்துக்கு உரியவை: எக்கியின் ஒரு தண்டு, வால்வின் ஓர் உள்ளுறுப்பு, படகு எந்திரத்தின் ஒரு புதையுருளை. எண்ணிக்கை ஒன்றோ நான்கோ. மாதிரி உறுப்பைக் கையில் கொண்டுவந்து, அன்றே வேண்டும் எனக் கேட்கும் வேலைக்கு அனுபவம் மிக்க லேத் தொழிலாளியே பொருத்தமானவர். எனவே இப்பகுதியில் லேத் பட்டறைகள் நீடிப்பது தொழில்நுட்பப் பின்தங்கல் அன்று. எண்ணிக்கையின் கணக்குக்கு ஏற்ற விடையே ஆகும். மாறாக, கொணரி உருளைகள் போன்ற தொடர்தேவை உள்ள உறுப்புகளே இம்மாவட்டத்தில் பேரளவு உற்பத்திக்கான இயல்பான வாய்ப்பு.

இயற்கைப் பேரிடர்களும் இங்குக் கருதத்தக்கவை. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல் மாவட்டத்தின் மின்கட்டமைப்பைப் பெரிதும் சிதைத்தது. 2015இன் பெருவெள்ளமும் கடலூரைக் கடுமையாகத் தாக்கியது. நீரில் மூழ்கிய லேத்தைக் கழற்றித் துடைத்து மீட்கலாம். நீர் புகுந்த கட்டுப்பாட்டகத்தையும் சர்வோ மோட்டார்களையும் மீட்பது கடினம். எந்திர விலையில் பெரும்பங்கு அவற்றிலேயே உள்ளது.

சிதம்பரத்தின் பங்கு கல்வி சார்ந்தது. 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கல்வி 1945இல் தொடங்கியது. அங்கே எந்திரப் பொறியியலுடன் உற்பத்திப் பொறியியலும் தனித்துறையாகக் கற்பிக்கப்படுகிறது. அத்துறையைச் சார்ந்த பொருள் இணைப்பு ஆய்வு மையம், உராய்வுக் கலக்கல் பற்றவைப்பு ஆய்வுகளுக்காக அறியப்பட்டது. அண்ணாமலைநகரில் முத்தையா தொழில்நுட்பக் கல்லூரி பட்டயக் கல்வி அளிக்கிறது. இங்குப் பயின்றோர் பேரளவு உற்பத்தியில் பணியாற்ற விரும்பினால், வடக்கே அண்மையிலுள்ள புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளுக்கோ, அதைக் கடந்து சென்னை, ஓசூர், கோயம்புத்தூர் வட்டாரங்களுக்கோ செல்லவேண்டிய நிலை பொதுவாக உள்ளது.

தொழிலாளரும் பயிற்சியும்

பேரளவு உற்பத்தியில் மூன்று வகைப் பணிகள் பிரிந்து நிற்கின்றன. நிரலாளர் வெட்டும் வரிசையை வகுக்கிறார். செட்டர் எனப்படுபவர் கருவிகளையும் பிடிப்புகளையும் பொருத்தி முதல் உறுப்பைச் சரிசெய்கிறார். ஆபரேட்டர் உறுப்பை ஏற்றி இறக்கி அளவெடுக்கிறார். முன்பு ஒரே லேத் தொழிலாளியிடம் ஒன்றுசேர்ந்திருந்த திறன் இவ்வாறு பகுக்கப்பட்டதால், ஏற்றி இறக்கும் பணியில் மட்டும் பல ஆண்டுகள் இருப்பவர் புதிதாக எதுவும் கற்காமல் போகலாம். எந்திரக்கை முதலில் பிடிக்கும் இடமும் அதுவே. அளவின் போக்கைப் படிக்கவும், ஈடுசெய் எண்ணைத் திருத்தவும், பழுதின் காரணத்தை அறியவும் கற்றவருக்கு முன்னேறும் வழி உண்டு.

அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் டர்னர், மெசினிஸ்ட், பிட்டர் ஆகிய பிரிவுகள் இத்தொழிலுக்கு அடிப்படை. 2022இல் தமிழ்நாடு அரசு டாட்டா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதிய எந்திரங்களுடன் தரம் உயர்த்தும் திட்டத்தை மேற்கொண்டது.

சுழலும் சக், கூரிய சீவல்கள், குளிர்மத்தின் நுண்துளிகள், இரைச்சல் ஆகியன இப்பணியின் இடர்கள். எந்திரக் கதவு மூடாமல் சுழல்தண்டு இயங்காதவாறு பூட்டு அமைக்கப்பட்டிருக்கும். நேரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டு அப்பூட்டைச் செயலிழக்கச் செய்வது உயிருக்கு ஊறு விளைவிக்கும். சுழலும் எந்திரத்தின் அருகே கையுறை அணிதல், தளர்ந்த உடை அணிதல், சீவலைக் கையால் இழுத்தல் ஆகியவை தவிர்க்கப்பட வேண்டியவை.

எதிர்காலம்

மின்வாகனங்களில் உந்துருளை, ஓரச்சுத் தண்டு, வால்வு முதலியன இல்லை. இவற்றையே இலட்சக்கணக்கில் வெட்டிவந்த ஆலைகளுக்கு இது பெரும் மாற்றம். அதே வேளையில் மின்னோடித் தண்டுகள், அலுமினிய உறைகள், குளிர்விப்புத் தகடுகள் ஆகியவற்றுக்குப் புதிய தேவை எழுந்துள்ளது. நெம்புருள் தானியங்கி ஒன்று, தான் செய்யும் உறுப்பு வழக்கொழிந்தால் தானும் பயனற்றுப் போகலாம். சி.என்.சி. எந்திரமோ புதிய நிரலும் புதிய பிடிப்பும் கொண்டு மறுநாளே வேறு உறுப்பை வெட்டத் தொடங்கலாம். எண்ணிக்கையின் பயனையும் மாற்றத்துக்கான இடத்தையும் ஒருங்கே அளிப்பதே இம்முறையின் முதன்மையான வலிமையாகும்.

இவற்றையும் பார்க்க

- கடைசல் எந்திரம்
- துருவல் எந்திரம்
- புள்ளியியல் தரக் கட்டுப்பாடு
- நெய்வேலி
- அண்ணாமலைப் பல்கலைக்கழகம்